குட்டையில் பச்சைத் தண்ணீர்: வெளிச்சம் செய்யும் வேலை

விடியற்காலையில் மீன் குட்டைப் பக்கம் போகிறவர், கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் வயிறு மேலாக மிதப்பதைக் கண்டால், முதலில் எழும் சந்தேகம் அக்கம்பக்கத்தார் மேல்தான். "ராத்திரியோடு ராத்திரியாக எவனோ பூச்சிமருந்தைக் கலந்துவிட்டான்" என்ற பேச்சு ஊருக்குள் பரவிவிடும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல குட்டைகளில் மீனைக் கொன்றது மருந்தும் அல்ல, பகையும் அல்ல. சாணம் போட்டு வளர்த்த பச்சைப் பாசியும், இரண்டு மூன்று நாள் முகம் காட்டாமல் போன சூரியனும்தான் காரணம். பாசிக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள கணக்கைத் தெரிந்துகொண்டால், எட்டு மாதம் தவிடும் பிண்ணாக்கும் போட்டு வளர்த்த மீனை ஒரே இரவில் பறிகொடுக்க நேராது.

பாசி என்றதும் படித்துறையில் கால் வழுக்கும் பாசிதான் நினைவுக்கு வரும். மீன் குட்டையைப் பச்சையாக்குவது அது அல்ல. குளோரெல்லா, சீனிடெஸ்மஸ் போன்ற, கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசிகள் அவை. குளோரெல்லாவை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 100 முதல் 500 வரை அடங்கும். ஒன்று இரண்டாகவோ, நான்காகவோ, எட்டாகவோ பிளந்து பெருகும். வெயிலும் உரமும் பொருந்தி வந்தால் ஒரே நாளில் இருமடங்கு ஆகிவிடக்கூடியது. திங்கட்கிழமை இளம் பச்சையாக இருந்த குட்டை, வெள்ளிக்கிழமைக்குள் கரும்பச்சையாவது இதனால்தான்.

மீன் வளர்ப்பவருக்கு இந்தப் பாசி காசு கொடுக்காமல் கிடைக்கும் தீவனம். பாசியைத் தின்று நுண்ணிய நீர்ப்பூச்சிகள் பெருகுகின்றன. அந்தப் பூச்சிகளைக் கட்லா தின்கிறது. வெள்ளிக்கெண்டையோ பாசியையே நேராக வடிகட்டி உண்ணும். 1959-ல் ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு வெள்ளிக்கெண்டை கொண்டுவரப்பட்டதற்கு இந்தக் குணமே காரணம். கட்லாவோடு இரைக்குப் போட்டியிடும் என்பதால் அதை அளவோடு விடுவது நல்லது.

பச்சைப் பாசிக்குள் இருக்கும் பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்து, நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு மாவுப்பொருள் தயாரிக்கிறது. அப்போது பிராணவாயு வெளிவருகிறது. நெல்லும் வாழையும் இலையில் செய்யும் அதே சமையல்தான். இந்தச் சமையலின் படிகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்ததே குளோரெல்லா, சீனிடெஸ்மஸ் பாசிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில்தான். அதற்காக அமெரிக்க விஞ்ஞானி மெல்வின் கால்வினுக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வெளிச்சத்தில் எல்லா நிறமும் பாசிக்கு ஒன்றுபோல் பயன்படுவதில்லை. 1880-களில் எங்கல்மான் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, ஓர் இழைப் பாசியின் மேல் வானவில் நிறங்களைப் பிரித்து விழச் செய்து, பிராணவாயுவைத் தேடி ஓடும் நுண்ணுயிர்களை அதனருகில் விட்டுப் பார்த்தார். சிவப்பு ஒளியும் நீல ஒளியும் விழுந்த இடங்களில் அவை மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் கூட்டமே இல்லை. பாசி சிவப்பையும் நீலத்தையும் உண்டு, பச்சையைப் பெரும்பாலும் தள்ளிவிடுகிறது. தள்ளிய பச்சைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அடிக்கு அடி குறையும் வெளிச்சம்

குட்டையின் மேல் விழும் வெயில் அடிவரை போவதில்லை. ஒவ்வோர் அங்குல நீரும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கீழே விடும். மிதமான பச்சை நீரில் அரை அடிக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடி ஆழத்தில் கால் பங்குதான் இருக்கும். 2 அடியில் பதினாறில் ஒரு பங்கு. 3 அடியில் அறுபத்துநாலில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு ஒன்றரை. மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கும் இடத்தில், பாசி தயாரிக்கும் பிராணவாயுவும் அது மூச்சுவிடச் செலவழிப்பதும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும். அதற்குக் கீழே பாசிக்கு வரவு கிடையாது, செலவுதான்.

பாசி மிஞ்சிப்போய் 3 அங்குலத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகும் குட்டையில் இந்த எல்லை ஒன்றரை அடியிலேயே வந்துவிடும். குட்டையின் ஆழம் 5 அடி என்றால், மேல் ஒன்றரை அடி உழைக்க, கீழுள்ள மூன்றரை அடி உட்கார்ந்து சாப்பிடும் குடும்பமாகிவிடுகிறது. பாசி பாசிக்கே நிழல் போடுகிறது. பாசி கூடக்கூட நல்லது என்று நினைத்துச் சாணத்தைக் கொட்டுவோர் தவறுவது இந்த இடத்தில்தான்.

உச்சி வெயிலால் பாசிக்கு மிகுந்த லாபம் என்றும் எண்ண வேண்டாம். நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். பல பச்சைப் பாசிகளுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அதற்கு மேற்பட்ட வெயிலில் மேற்பரப்பில் உள்ள பாசியின் வேலை மந்தமாகிவிடும். தெளிந்த நாளில் பாசி மும்முரமாக வேலை செய்வது நீரின் மேல்மட்டத்தில் அல்ல, அதற்குச் சற்றுக் கீழேதான்.

பகலில் வரவு, இரவில் செலவு

மீனுக்கு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் பிராணவாயு இருந்தால் இரை எடுக்கும், வளரும். 2-க்குக் கீழே இறங்கினால் திணறும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றோடு கலந்து சமநிலையில் உள்ள நீர் ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். ஆனால் பாசி உள்ள குட்டையில் பகல் 2 மணி முதல் 4 மணிக்குள் அதற்கு மேலும் ஏறும். பொழுது சாய்ந்ததும் தயாரிப்பு நின்றுவிடும். மூச்சு மட்டும் நிற்காது. மீன், பூச்சி, அடிச்சேற்றில் சாணத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், அந்தப் பாசியேகூட, இரவு முழுவதும் பிராணவாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும். சூரியன் உதிக்கும் நேரத்தில் கையிருப்பு மிகக் குறைந்து நிற்கும்.

பாசி மிஞ்சிய குட்டையில் ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே பெரிது. பிற்பகலில் 15 மில்லிகிராமுக்கு மேல் போனது, விடியலில் 1-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். பகலில் அவ்வளவு இருந்ததே, அது எங்கே போயிற்று என்று கேட்கலாம். அளவுக்கு மிஞ்சியதை நீர் சேமித்து வைப்பதில்லை, காற்றில் விட்டுவிடுகிறது. இரவில் தட்டுப்பாடு வரும்போது காற்றிலிருந்து திரும்ப வருவதோ மெல்ல மெல்லத்தான். காற்று அசையாத இரவில் இன்னும் மெதுவு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பாசி கரியமில வாயுவை எடுத்துவிடுவதால் பிற்பகலில் நீரின் காரத்தன்மை ஏறும். காலையில் ஏழரையாக இருந்த பி.எச். மாலையில் 9-ஐத் தாண்டும். காரம் கூடினால் நீரில் உள்ள அம்மோனியாவின் நச்சு பல மடங்காகும். பச்சை முற்றிய குட்டையில் பிற்பகலில் யூரியா தூவுவது இதனால் கூடாது.

தட்டு வைத்துப் பார்ப்பது

பாசி போதுமா, மிஞ்சிவிட்டதா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகடு ஒன்று போதும். அதை நான்கு பாகமாக்கி ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து, நடுவில் துளையிட்டு, அடியில் ஒரு கனமான பொருளைக் கட்டி, அங்குலக் குறியிட்ட கயிற்றில் இறக்க வேண்டும். இதற்குச் செக்கி தட்டு என்று பெயர். இத்தாலியப் பாதிரியாரும் வானநூல் அறிஞருமான ஏஞ்சலோ செக்கி 1865-ல் மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டின் வாரிசு இது. கடலின் தெளிவைப் பார்க்கச் செய்தது, கிராமத்துக் குட்டைக்கும் உதவுகிறது.

காலை 10 மணிக்கு மேல் பிற்பகல் 2 மணிக்குள், முதுகில் வெயில் படும்படி நின்று தட்டை இறக்க வேண்டும். கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்தால் அளவு கிடைக்கும். 12 முதல் 16 அங்குலம் வந்தால் குட்டை நல்ல நிலையில் உள்ளது. தட்டு மறையும் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு அல்லது கொஞ்சம் கூடுதல் ஆழம்வரை பாசிக்குப் பிழைக்கும் அளவு வெளிச்சம் உண்டு என்று கொள்ளலாம். 8 அங்குலத்துக்குள் மறைந்தால் ஆபத்து. அன்றே சாணத்தை நிறுத்த வேண்டும். 2 அடிக்கு மேலும் தெரிந்தால் உரம் போதவில்லை.

தட்டும் இல்லையென்றால் கை இருக்கிறது. கையை நேராக நீருக்குள் விட்டால், முழங்கை முழுகும்போது உள்ளங்கை மறைவது சரியான அளவு. முன்கையில் பாதி முழுகுமுன்னே மறைந்தால் பாசி அதிகம். முழங்கைக்கு மேல் விட்டும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் நீர் ஏழை.

ஒரு எச்சரிக்கை. தட்டு மறைவது பாசியாலா, கலங்கலாலா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கரையிலிருந்து மழைநீர் அடித்து வந்த செம்மண் கலங்கலிலும் தட்டு சீக்கிரம் மறையும். அங்கே பாசியும் இருக்காது. வெளிச்சம் புகாததால் வளரவும் வளராது. எத்தனை கூடை சாணம் போட்டாலும் அது அடியில் அழுகுமே தவிர நீர் பச்சையாகாது. இத்தகைய குட்டைக்கு முதல் வைத்தியம் கரையில் புல் பிடிக்கச் செய்து மண் சரிவைத் தடுப்பதுதான். சாதாக்கெண்டை அதிகமாக விட்ட குட்டையும் கலங்கியே கிடக்கும். அது இரை தேடிக் கரையையும் அடிச்சேற்றையும் கிளறும் மீன். எண்ணிக்கையைக் குறைத்தால் நீர் தெளியும், பாசி வரும்.

சாணத்தின் அளவு பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன் என்ற கணக்கை 10 சென்ட் குட்டைக்குக் கொண்டுவந்தால் 400 கிலோ வரும். குஞ்சு விடுவதற்கு இரண்டு வாரம் முன்பு 80 கிலோ. மீதியை மாதம் 30 கிலோ வீதம், அதையும் வாரத்துக்கு ஏழு கிலோவாகப் பிரித்து, வெயில் ஏறிய காலை வேளையில் நீரில் கரைத்து ஊற்றுவது நல்லது. மாலையில் ஊற்றினால் இரவுச் செலவு கூடும். தட்டு 8 அங்குலம் காட்டும் வாரத்தில் அந்த ஏழு கிலோவும் வேண்டாம். காலண்டரைப் பார்த்துச் சாணம் போடுவதைவிடத் தட்டைப் பார்த்துப் போடுவதே முறை.

மப்பும் மந்தாரமுமான நாட்கள்

தமிழ்நாட்டில் கோடைக்கும் மார்கழிக்கும் இடையே பகல் நீளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. திருச்சி வட்டாரத்தில் ஆனி மாதத்தில் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் என்றால், மார்கழியில் பதினொன்றரை மணி. பாசிக்கு இது ஒரு பொருட்டல்ல. பாசியின் கணக்கைக் குலைப்பது ஐப்பசி, கார்த்திகை மேகம்தான்.

முதல் நாள் மந்தாரத்தில் பிராணவாயு தயாரிப்பு குறைகிறது. அன்றிரவுச் செலவு மட்டும் குறைவதில்லை. மறுநாள் காலை கையிருப்பு கொஞ்சம் தாழ்ந்தே தொடங்குகிறது. அன்றும் வெயில் இல்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ விடியுமுன் கஜானா காலி. வெளிச்சம் இன்றி நலிந்த பாசி கூட்டமாகச் செத்து அடியில் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். தயாரிப்பவனும் போய், அவன் பிணத்தை மக்கச் செய்யவும் பிராணவாயு செலவாகிறது. கரும்பச்சையாக இருந்த நீர் திடீரென்று பழுப்பாகவோ தெளிவாகவோ மாறினால் அது நல்ல அறிகுறி அல்ல.

வெயில் நாளில் வரும் திடீர் மழையும் ஆபத்தானது. காற்றில்லாத வெயிலில் மேல் நீர் சூடேறி லேசாகி மேலேயே நிற்கும். அடிநீர் குளிர்ந்து, வெளிச்சமின்றி, பிராணவாயு இன்றித் தனியாகக் கிடக்கும். மாலையில் காற்றோடு குளிர்ந்த மழை கொட்டினால் இரண்டும் கலந்து, நல்ல நீரும் கெட்டுவிடும்.

அறிகுறிகள் முன்கூட்டியே தெரியும். விடியற்காலை 4 மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தால், மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து காற்றை விழுங்கும். சத்தம் கேட்டாலும் ஓடாது, அல்லது ஓடிப்போய் உடனே திரும்பும். நத்தைகள் கரையேறி ஒட்டிக்கிடக்கும். வெள்ளிக்கெண்டை முதலில் மடியும், சாதாக்கெண்டை தாக்குப்பிடிக்கும். பெரிய மீன் முன்னே சாகும், சிறியது பின்னே. வெயில் ஏறி 9 மணியானதும் பிழைத்தவை நிமிர்ந்து நீந்தத் தொடங்கினால், பிராணவாயுக் குறைதான் என்று உறுதி செய்யலாம். நல்ல வெயிலில், நடுப்பகலில், சிறிதும் பெரிதும் ஒருசேரத் துடித்துச் சாகுமானால்தான் மருந்தையோ ஆலைக் கழிவையோ சந்தேகிக்க வேண்டும். பஞ்சாயத்துக்குப் போகுமுன் இந்த வேறுபாட்டைப் பார்ப்பது நல்லது.

மந்தாரம் போட்ட நாளில் செய்ய வேண்டியது எளிது. சாணத்தை நிறுத்த வேண்டும். தவிடு, பிண்ணாக்கைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மீன் மேலே வந்து திணறினால் அன்றைக்கு இரையே வேண்டாம். பம்புசெட் இருந்தால் நள்ளிரவு தாண்டி 2 மணி முதல் விடியும்வரை குட்டை நீரையே இறைத்துக் குட்டையிலேயே சிதறி விழச் செய்யலாம். ஆழ்குழாய்க் கிணற்று நீரை விடுவதானால் நேரே குழாயை அமிழ்த்திவிடக் கூடாது. பூமிக்கடியிலிருந்து வரும் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. பலகையிலோ கல்லிலோ மோதித் தெறித்து விழும்படி செய்தால்தான் பயன். பம்பும் இல்லாதவர்கள் மூங்கில் கழியால் நீரை அடிப்பது உண்டு. சிறு குட்டைக்கு அது ஓரளவு உதவும். அரை ஏக்கர் குட்டைக்கு ஆள் களைத்துப்போவதுதான் மிச்சம். விற்கும் அளவுக்கு வளர்ந்த மீனை அடைமழைக்கு முன்பே பிடித்து எண்ணிக்கையைக் குறைத்துவிடுவதே கெட்டிக்காரத்தனம்.

நூல் பாசியும் சிவப்பு ஆடையும்

சில குட்டைகளில் நீர் தெளிந்திருக்க, அடியிலிருந்து தலைமுடிபோல் ஸ்பைரோகைரா போன்ற நூல் பாசி கிளம்பும். ஆழம் குறைந்து, வெளிச்சம் அடிவரை போவதே காரணம். வலையில் சுற்றிக்கொள்ளும், குஞ்சுகள் சிக்கிச் சாகும். கையால் அரித்து எடுத்த பிறகு, நீர்மட்டத்தை நாலைந்து அடிக்கு உயர்த்தி, உரமிட்டு நீரைப் பச்சையாக்கினால் அடியில் இருள் சூழ்ந்து மறுபடி முளைப்பது குறையும். ஒரு பாசியின் நிழலால் இன்னொரு பாசியை அடக்கும் வித்தை இது.

காலையில் பச்சையாக இருந்த நீரின் மேல் நண்பகலில் செங்கல் பொடி தூவியதுபோல் சிவப்பு ஆடை படர்வதைக் கண்டு பயப்படுவோர் உண்டு. இது யூக்ளினா வகை. வெயில் கடுமையானால் உடலுக்குள் உள்ள சிவப்பு நிறத் துகள்களை மேலே பரப்பிக் குடைபோலப் பிடித்துக்கொள்ளும். வெயில் தாழ்ந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு பச்சையாகிவிடும். சாணமும் இரையும் மிஞ்சிய குட்டையில்தான் இது வரும். ஆடை கனமானால் கீழே வெளிச்சம் புகாது. காற்று ஒதுக்கிய மூலையில் பழைய வேட்டியைக் கொண்டு வழித்து எடுத்துவிடலாம்.

வயலில் பாசிக்கு மயில்துத்தம் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இருப்பதால், குட்டையிலும் அதையே போடலாமா என்று கேட்பவர்கள் பலர். வேண்டாம். செம்பு மீனுக்கே நஞ்சு. மீன் அதற்குத் தப்பினாலும், பாசி ஒரேயடியாகச் செத்தால் மறுநாள் விடியலில் என்ன நடக்கும் என்பது மேலே சொன்னதுதான். வயலிலும்கூட, சூப்பர் பாஸ்பேட்டை நட்ட பிறகு மேலாகத் தூவாமல் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட்டால் பாசித் தொல்லை பாதி குறையும். நாற்றங்காலில் பாசி படர்ந்தால் ஒரு நாள் நீரை வடித்துக் காயவிடலாம். பயிர் தூர்கட்டி நிழல் விழுந்ததும் பாசி தானாக ஒடுங்கும்.

குட்டைக் கரையில் மரம் வைப்போர் கிழக்குக் கரையை விட்டுவிடுவது நல்லது. இரவெல்லாம் மூச்சுத் திணறிய குட்டைக்குக் காலை வெயில் ஒரு மணி நேரம் தாமதமாவதுகூட இழப்புதான். இலை உதிரும் மரம் எந்தக் கரையிலும் நீரை ஒட்டி வேண்டாம்.

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்பவர்களுக்கோ எதிர்மாறான தேவை. திறந்த தொட்டியில் பிடிக்கும் பாசி சொட்டுவானை அடைத்துவிடுகிறது. அங்கே வெளிச்சத்தை மறைப்பதே மலிவான மருந்து. தொட்டியின் மேல் தென்னங்கீற்றுப் பந்தலோ கறுப்புத் தாளோ போட்டால் பாசி வெகுவாகக் குறையும். சொட்டுநீர்க் குழாய்களைக் கறுப்பாகச் செய்வதற்கும் இது ஒரு காரணம். வெளிச்சம் ஊடுருவும் வெளிர் நிறக் குழாய் வாங்கிவிட்டவர்கள் அதை மண்ணில் புதைத்துவிட்டால் போதும்.